கடல் எப்போதும் இடது கைப் பக்கம்

மூன்று வாரமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. தமிழ்நாட்டுச் சாலை வரைபடம் ஒன்றை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் ஊறுகாய் பாட்டிலும் பருப்புப்பொடி டப்பாவுமாகக் கனம் வைத்திருக்கிறேன். செல்போனிலேயே மேப் இருக்கும்போது இது எதற்கு என்று மகள் கேட்டாள். காரணம் இருக்கிறது, வருகிறேன்.

யோசனை ரொம்ப எளிமையானது. ஜனவரி கடைசியில், சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை, கடற்கரையை விடாமல் பிடித்துக்கொண்டு காரில் ஒரு வாரம். நான், மனைவி, 9-ஆம் வகுப்பு படிக்கும் மகள், 72 வயது அம்மா. பள்ளியில் லீவு கேட்டாயிற்று. என் அலுவலகத்தில் கேட்டதும் கிடைத்தது, அதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. பெயரில் இருக்கிற கடல் சாலையில் இல்லை. திருவான்மியூரில் ஏறினால் முதலில் வீடுகள், அப்புறம் பங்களாக்கள், அப்புறம் ரிசார்ட் மதில்கள், அப்புறம் சவுக்குத் தோப்பு. நடுவில் முட்டுக்காட்டிலும் முதலியார்குப்பத்திலும் தண்ணீர் தெரிகிறதே என்றால், அது உப்பங்கழி. புதுச்சேரிக்குத் தெற்கே போனால் நிலைமை இன்னும் மோசம். சிதம்பரம், சீர்காழி என்று சாலை ஊருக்குள் ஒதுங்கிவிடுகிறது, கடல் எங்கோ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. இப்போது நாகப்பட்டினம் வரைக்கும் நான்குவழிச் சாலையும் புறவழிச் சாலையும் போட்டுவருகிறார்கள். அதில் போனால் கடலை விடுங்கள், ஊர்களே கண்ணில் படாது.

ஆக, கடலைப் பார்க்க வேண்டுமானால் திரும்பித்தான் ஆகவேண்டும். தெற்கே போகும்போது கடல் முழு வழியும் இடது கைப் பக்கம். கோடியக்கரையில் கரை மேற்கே மடங்கினாலும், ராமநாதபுரத்தில் மறுபடி மடங்கினாலும் அது இடது பக்கம்தான். நம் ஊரில் இடதுபுறமாக ஓட்டுவதால் எதிரே வரும் லாரிக்காகக் காத்திருக்காமல் பேசாமல் திரும்பிக்கொள்ளலாம். அதனால்தான் தெற்கே போவதைக் கடலோரமாகவும், திரும்பி வருவதை மதுரை, திருச்சி வழியாகவும் வைத்திருக்கிறேன். எங்கள் திட்டமே எந்தெந்த இடத்தில் இடது பக்கம் திரும்புவது என்ற பட்டியல்தான்.

செல்போன் மேப்புக்கு இது புரியாது. சென்னை, கன்னியாகுமரி என்று போட்டால் விழுப்புரம், திருச்சி, மதுரை என்று குறுக்கே இழுத்துக்கொண்டு போய் ஒரே பகலில் இறக்கிவிடத் துடிக்கிறது. கடலோரமாகப் போக வைக்க, மரக்காணம், மீமிசல், சாயல்குடி என்று ஊர் ஊராகக் கொடுத்து அதை ஏமாற்ற வேண்டியிருக்கிறது. காகித வரைபடத்தில் அந்தத் தொந்தரவு இல்லை, விரலை வைத்துக்கொண்டே போகலாம். ஊறுகாய் பாட்டிலுக்குக் காரணம் இதுதான்.

ஏன் ஜனவரி? அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டெல்டா கடற்கரைக்காரர்கள் யாரிடமாவது நவம்பர் என்று சொல்லிப் பாருங்கள், 2018 நவம்பரில் வந்த கஜா புயலைத்தான் சொல்வார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. கடற்கரைப் பயணம் போய்விட்டு ஐஸ் மீனைச் சாப்பிட்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மிஞ்சுவது பொங்கல் முடிந்த பிறகு வரும் ஐந்தாறு வாரம். கோடியக்கரையில் பூநாரைகள் இருக்கும். ஆமைகள் முட்டையிட இரவில் கரையேறும் காலமும் அதுவே. வாடைக்காற்று கொஞ்சம் தணிந்திருக்கும்.

அதில் ஒரு சிக்கலும் உண்டு. தைப்பூசத்துக்கு முன்னால் திருச்செந்தூர் போகிறவர்கள் பச்சை வேட்டியோடு சாலையோரம் நடந்துகொண்டே இருப்பார்கள், இரவிலும். டெல்டாவில் சம்பா அறுவடை, சாலையில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருப்பார்கள், சுற்றிலும் கருங்கல் அடுக்கி. இருட்டில் அந்தக் கல்லில் ஏற்றினால் டயர் போச்சு. என் மனைவி போட்ட ஒரே சட்டம் இதை வைத்துத்தான்: "ஆறு மணிக்கு மேல வண்டி ஓடக் கூடாதுங்க. அஞ்சரைக்கு ரூமுல இருக்கணும்." பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் இந்தச் சட்டம் வந்ததும் என் முதல் திட்டம் தலைகீழாகக் கவிழ்ந்தது.

முதல் திட்டத்தில் எல்லாம் இருந்தது. மாமல்லபுரம், புதுச்சேரி, அரிக்கமேடு, கடலூர், பரங்கிப்பேட்டை என்று முதல் இரண்டு நாளிலேயே பதினோரு இடம். மகள் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது டூரா, எலெக்‌ஷன் பிரசாரமா?" என்றாள்.

வெட்ட ஆரம்பித்தேன். மாமல்லபுரம் போயிற்று. சென்னையில் இருப்பவன் எந்த ஞாயிற்றுக்கிழமையும் போகலாம், ஆயிரத்து முந்நூறு வருடமாக நிற்கிற கோயில் அடுத்த மாதமும் நிற்கும். புதுச்சேரியும் போயிற்று, அதற்கு மகள் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். பதிலுக்கு முதல் நாள் ஆலம்பரைக் கோட்டையை வைத்திருக்கிறேன். கடப்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பினால் சில நிமிடம். மொகலாயர் காலத்தில் கட்டி, 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், பத்தே வருடத்தில் ஆங்கிலேயர் இடித்த கோட்டை. செங்கல் சுவரின் பிளவு வழியாக உப்பங்கழியும், அதற்கப்பால் மணல்திட்டும், அதற்கப்பால் கடலும் அடுக்கடுக்காகத் தெரியும். அப்புறம் மரக்காணம் உப்பளம். முதல் ராத்திரி சிதம்பரம். சம்பா சாதமும் கொத்சுவும் அம்மாவுக்கு, வேறு யாரும் அதற்குப் போட்டியில்லை.

மறுநாள் காலை பிச்சாவரம். எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' இங்கே எடுத்த படம் என்று படகுக்காரர் சொல்லாமல் விடமாட்டார். போகிறவர்கள் விசைப்படகைத் தவிர்த்து, துடுப்புப் படகு கேளுங்கள். அதுதான் வேர்கள் தலையில் இடிக்கிற சந்துகளுக்குள் நுழையும், சத்தமும் இருக்காது. படகுக்காரரிடம் தில்லை மரம் எது என்று காட்டச் சொல்லுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது அந்த மரத்தால். ஊருக்குள் அது இல்லை, இந்தச் சேற்றில்தான் நிற்கிறது. கை வைக்க வேண்டாம், பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

பூம்புகாரில் அரை மணி நேரம். கொள்ளை எதிர்பார்ப்போடு போய் ஏமாறாதீர்கள். பழைய பட்டினம் தண்ணீருக்கடியில், மேலே இருப்பது 1970-களில் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம். அதைவிடத் தரங்கம்பாடிக்கு ஒரு ராத்திரி முழுசாகக் கொடுத்திருக்கிறேன். டென்மார்க்காரர்கள் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கோட்டை கட்டி, 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன ஊர். 1706-இல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றுக்கொண்டு, அச்சகம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். கோட்டையில் இருந்து சில நூறு அடியில் மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது. முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. வாசல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இப்போது அலை. பகலில் வருகிறவர்கள் போன பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த ஊரில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அங்கே தங்குகிறோம்.

தங்கும் இடத்தைப் பற்றி ஒன்று. இரண்டு வருடம் முன்னால், வேறொரு கடற்கரை ஊரில், "கடல் பார்த்த அறை" என்று கூடுதல் பணம் கட்டிப் போனோம். சன்னலைத் திறந்தால் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி. கேட்டதற்கு, தொட்டி மேல ஏறுனா கடல் தெரியும் சார் என்றார் அங்கிருந்த பையன். பொய் சொல்லவில்லை, ஏறிப் பார்த்தேன், தெரிந்தது. அதிலிருந்து போன் போட்டு இரண்டே கேள்விதான் கேட்கிறேன். லிஃப்ட் இருக்கிறதா அல்லது கீழ்த்தளத்தில் அறை உண்டா? வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா? அம்மாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரையும் உண்டு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எங்கே நிறுத்துவது என்பதுதான் வரைபடத்தில் நான் பச்சை மையால் போட்ட புள்ளிகள். வயதானவர்களோடு போகிறவர்கள் கோயிலையும் கோட்டையையும் அப்புறம் குறியுங்கள், இந்தப் பச்சைப் புள்ளிகளை முதலில் போடுங்கள். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே அவை குறைந்துகொண்டே போகும்.

மூன்றாம் நாள் காரைக்காலில் பெட்ரோல் நிரப்ப வேண்டும், புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. எல்லையில் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள், பெட்ரோலுக்காக இல்லை. பிறகு நாகூர் தர்கா. அதன் ஐந்து மினார்களில் உயரமானது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டியது, 131 அடி. அங்கிருந்து நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தக் கரையில் எந்த ஊரில் திரும்பினாலும் ஒரு நினைவுத் தூண் இருக்கும். மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். அவளிடம் என்ன சொல்வது என்று நான் இன்னும் யோசிக்கவில்லை.

வேதாரண்யம் வரைபடத்தில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் பலர் திருத்துறைப்பூண்டியோடு திரும்பிவிடுவார்கள். விடாதீர்கள். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய அகஸ்தியம்பள்ளியில் இன்றைக்கும் உப்புதான் விளைகிறது. மூக்கின் நுனி கோடியக்கரை. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அங்கே பூங்குழலி, மற்றவர்களுக்கு வெளிமானும் பூநாரையும். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லிவந்த ஒரு செங்கல் தூண் இருந்தது, அதைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. கடல் தெற்கே இருப்பதால் ஒரே இடத்தில் நின்று உதயமும் அஸ்தமனமும் பார்க்கலாம். கன்னியாகுமரியின் கூட்டம் இல்லாமல்.

நான்காம் நாளில்தான் தகராறு வந்தது.

வேதாரண்யத்திலிருந்து ராமேஸ்வரம் ஒரே மூச்சில் என்று வைத்திருந்தேன். கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர். ஆறு மணிச் சட்டத்துக்குள் முடிக்க வேண்டுமானால் எங்கேயும் திரும்பக் கூடாது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் எல்லாம் சன்னல் வழியாகத்தான். ராமேஸ்வரத்தில் ஒரு முழு நாள் வேண்டும் என்பதற்காக இந்த ஓட்டம். படித்துக் காட்டினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மனோரால நிக்க மாட்டியா தம்பி?"

மனோரா என்பது மல்லிப்பட்டினம் அருகே கடலோரம் நிற்கும் எட்டு அடுக்கு கோபுரம். நெப்போலியனை ஆங்கிலேயர் ஜெயித்ததைக் கொண்டாட, தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. ஐரோப்பாவில் யாரோ யாரையோ தோற்கடித்ததற்குச் சேதுபாவாசத்திரத்துப் பக்கம் எட்டு மாடி! அம்மாவின் ஊர் பேராவூரணிப் பக்கம். சின்னப் பிள்ளையில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு அங்கே போவார்களாம், ஆடிப்பெருக்குக்கு. முதல்முதலாகக் கடலைப் பார்த்தது அங்கேதான் என்று அன்றைக்குத்தான் சொன்னார். நாற்பத்தாறு வருடமாக இந்த அம்மாவுக்கு மகனாக இருக்கிறேன்.

"அப்பாயி, ராமேஸ்வரம் கோயில் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மகள்.

"கோயிலு எங்கடி போகுது? அலையே இருக்காது அங்க. குளம் மாதிரி கெடக்கும். அதைப் பாக்கணும் ஒருதடவை."

அலை இருக்காது என்பது உண்மை. பாக் நீரிணைப் பக்கம் கடல் ஆழமில்லாமல், கடற்புல் படர்ந்து கிடக்கும். அந்தப் புல்லை மேய்கிற கடல்பசுவுக்கு, மீனவர்கள் மொழியில் ஆவுளியாவுக்கு, 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதல்முறையாக. ஆவுளியா நம் கண்ணில் படாது. அது அங்கே மேய்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்து நிற்பதே எனக்குப் போதும்.

ராத்திரி பத்தரை வரை அழித்து அழித்துப் போட்டோம். ராமேஸ்வரத்து முழு நாள் போயிற்று. நான்காம் நாள் மனோரா, அன்றிரவு பேராவூரணியில் மாமா வீட்டில். மாமாவுக்குப் போன் போட்டதும், அறை உண்டா என்று நான் கேட்பதற்குள், "நண்டா எறாலா மாப்ளே?" என்றார். கஜாவில் அவர் தோப்பில் பாதிக்கு மேல் தென்னை சாய்ந்தது. மறுபடி வைத்த கன்றுகள் இப்போது காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. தோப்பை வந்து பார் என்று ஐந்து வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாம் நாள் தொண்டி வழியாக, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைப் பார்த்துவிட்டு, பாம்பன். பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது, எல்லோரும் நிறுத்துவார்கள், போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே இருப்பார். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதியது. பழையது கையை விரிப்பதுபோல் இரண்டாகப் பிளந்து திறந்துகொண்டிருந்தது. புதியதில் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும்.

ஆறாம் நாள் விடியற்காலையில் தனுஷ்கோடி. சாயங்காலம் என்று நினைக்காதீர்கள், பொழுது சாய்ந்தால் உள்ளே விடமாட்டார்கள், நான் ஒருமுறை சோதனைச் சாவடியோடு திரும்பியவன். அரிச்சல்முனை வரை சாலை 2017-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் மீன் ஏற்றும் வேனில் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போவோம். வேனில் போனபோது ஊரையே அழித்த 1964 டிசம்பர் புயல் பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, அந்த ஊர் எவ்வளவு தூரத்தில் தனியாகக் கிடந்தது என்பது முதுகெலும்பிலேயே தெரிந்தது. இப்போது ஏ.சி. போட்ட காரில் இருபது நிமிடம். வசதிதான், குறை சொல்லவில்லை. முனையில் நின்றால் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல் என்பார்கள். வாடைக்காலத்தில் பெண்கடல்தான் சீறும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். எதிலும் இறங்கிக் குளிக்கக் கூடாது.

அங்கிருந்து திருச்செந்தூர்வரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல், இதுதான் நீண்ட நாள். கீழக்கரையில் தொதல் வாங்க ஐந்து நிமிடம், தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கப் பத்து நிமிடம். தூத்துக்குடிக்கு நான் செய்கிற துரோகம் இது, தெரிந்தே செய்கிறேன். சாயல்குடிப் பக்கம் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திப் பனங்காட்டைப் பார்த்துக்கொண்டே கட்டுச்சோறு.

ஏழாம் நாள் நூறு கிலோமீட்டர்கூட வராது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் கட்டுகிறார்கள், 2024-இல் அடிக்கல் நாட்டியது. அங்கிருந்து ஏவினால் இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே போகலாம் என்பதுதான் காரணம். ராக்கெட்காரர்களும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்போல. பக்கத்தில் உடன்குடியில் கருப்பட்டி. மணப்பாட்டில் மணல்மேட்டின் மேல் தேவாலயம், கீழே வளைந்த குடா. இந்தப் பயணத்திலேயே அழகான கடற்கரை எது என்று என்னைக் கேட்டால் மணப்பாடு என்பேன். உவரியில் கப்பல் வடிவத்தில் மாதா கோயில். கன்னியாகுமரிக்கு மூன்று மணிக்குள் போய், அஸ்தமனம் பார்த்து, மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு தூங்குவது. கண்ணாடிப் பாலம், படகு வரிசையெல்லாம் மறுநாள் காலையில் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.

அந்த மறுநாளைத்தான் நான் மறந்தே போயிருந்தேன். ஏழு நாளில் கன்னியாகுமரி போய்விட்டால், எழுநூறு கிலோமீட்டர் திரும்பி வருவது எட்டாவது நாளில். ஒரு வாரப் பயணம் போடுகிற எல்லோரும் செய்கிற தப்பு. ஆறு மணிச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் எட்டும் பத்தாது, திருச்சியில் ஒரு ராத்திரி, ஆக ஒன்பது. அலுவலகத்தில் மறுபடியும் லீவு கேட்டேன். மறுபடியும் உடனே கிடைத்தது.

வண்டிக்கு டயர் மாற்றியாயிற்று. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை, அடைத்தாயிற்று. திரும்பி வந்ததும் உப்புக்காற்று போக அடிப்பக்கம் கழுவ வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். மகளுக்கு வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழம். அம்மாவின் மாத்திரை இரண்டு செட், இரண்டு வெவ்வேறு பையில்.

நேற்று ராத்திரி வரைபடத்தைச் சுருட்டும்போது அம்மா வந்து நின்றார்.

"கடலு எந்தப் பக்கம் வரும்?"

"இடது பக்கம்மா. போறப்ப பூரா இடது பக்கம்தான்."

வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். முன்சீட்டு என் மனைவியுடையது, பன்னிரண்டு வருடமாக.

"அப்ப நான் முன்னாடி ஒக்காந்துக்குறேன்," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.